கொண்டைக்காரியின் வாய்

அந்த ஃபிளெக்ஸ் பதினாறு அடிக்கு எட்டு அடி. சேந்தமங்கலத்தில் கோயிலுக்குத் திரும்புகிற முக்கில் கட்டியிருந்தார்கள். நடுவில் காது குத்தப்போகும் இரண்டு வயது தர்ஷன், கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றித் தாய்மாமன் வீட்டார் முகங்கள் வட்ட வட்டமாக இருந்தன. எல்லா வட்டத்திலும் போட்டோ. ஒரே ஒரு வட்டத்தில் மட்டும் நான் வரைந்த படம்.

அந்தப் படத்தில் இருந்தவள் கொண்டைக்காரி. சேலத்திலிருந்து வரும் ஒரு மாலைப் பத்திரிகையில் ஆறு வருடமாகத் தினமும் ஒரு கட்டத்தில் வருகிறவள். உச்சியில் தேங்காய் அளவுக்குக் கொண்டை, கொஞ்சம் தாராளமான மூக்கு, இடுப்பில் கை. முட்டை விலை, பஸ் ஸ்டாண்டு கழிப்பறை, மந்திரி வருகைக்காக அவசரமாகப் போட்டு அவர் போனதும் பெயர்ந்துபோன ரோடு, எதைப் பார்த்தாலும் ஒரு வரி சொல்லுவாள். படத்தின் மூலையில் பிரபா என்று என் கையெழுத்து இருக்கும்.

அந்தக் கையெழுத்தால் எனக்குக் கிடைத்த பட்டம் துணிச்சல்காரி. மகளிர் தினத்துக்குக் கல்லூரிகளில் கூப்பிட்டுச் சால்வை போர்த்தி, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்பவர் என்று மைக்கில் அறிமுகம் செய்வார்கள். நானும் கூசாமல் உட்கார்ந்திருப்பேன். உண்மை என்னவென்றால் எனக்கு வாய் கிடையாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இந்த வீட்டில் யாரிடமும் நான் ஒரு மறுப்பைச் சத்தமாகச் சொன்னதில்லை. கொண்டைக்காரியின் வரிகளில் பத்துக்கு ஒன்பது என் கணவரின் அக்கா சாரதாமணி சொன்னவை. கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவோம்.

நங்கையாவுக்கு அடுத்த வீடு. தினமும் நாலு மணிக்குக் காப்பிக்கு வருவார். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு செய்தியாகப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவார். நான் டம்ளர் கழுவுகிற சாக்கில் அதில் ஒன்றை மனதில் குறித்துக்கொள்வேன். மறுநாள் காலை வெள்ளைத் தாளில் வரைந்து, செல்போனில் படம் பிடித்து, பத்து மணிக்குள் ஆசிரியர் அற்புதராஜுக்கு அனுப்பிவிடுவேன். கொண்டையும் மூக்கும்கூட நங்கையாவிடமிருந்து எடுத்ததுதான். அவருக்கு அது தெரியும். முதல் வாரமே, மூக்கைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொன்னார், வாய் எப்படியோ போகட்டும் என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. என் சால்வைகளைப் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான். திருடுகிறவளுக்கும் திருட்டுக் கொடுக்கிறவளுக்கும் இடையில் இப்படி ஒரு சௌகரியம் இருந்தது.

அதைக் கெடுத்தவன் அவருடைய மகன் ஜீவா. நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் கணக்குப் பார்க்கிறான். தர்ஷனுக்குத் தாய்மாமன் அவன்தான், அதனால் ஃபிளெக்ஸ் அவன் செலவு. எல்லார் முகத்தையும் சேகரித்தவனுக்கு அம்மாவின் போட்டோ மட்டும் கிடைக்கவில்லை. நங்கையா எந்தப் போட்டோவிலும் ஒழுங்காக நிற்க மாட்டார், ஒன்று கண்ணை மூடுவார் அல்லது கேமராவைத் திட்டுவார். இருப்பது ஆதார் அட்டை முகம்தான். அதைப் பதினாறு அடியில் போட்டால் அம்மா தன்னை உயிரோடு விடமாட்டார் என்று பயந்து, ஊரே அறிந்த கொண்டைக்காரியைப் போட்டுவிட்டான். போட்டதோடு நிற்காமல், வாட்ஸப் குழுக்களில் அதிகம் சுற்றிய படத்தைத் தேடி எடுத்து, அதில் அவள் வாயிலிருந்து கிளம்பும் பலூனையும் சேர்த்தே போட்டான். காதுகுத்திலும் பந்தி உண்டு, பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தானாம்.

பலூனில் இருந்தது இதுதான். 'பந்தியில முப்பத்தாறு ஐட்டம். பொண்ணுக்கு என்ன வேணும்னு கேக்கத்தான் ஆளில்ல.'

இந்த வருடம் வைகாசியில் தூரத்து உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த அன்று நங்கையா சொன்னது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வரி கிடைத்த சந்தோஷம், முகத்தை யார் பார்த்தார்கள். மறுநாள் வரைந்தேன். கொண்டைக்காரி இலை முன்னால் உட்கார்ந்திருப்பாள், பின்னால் மணமேடையில் ஒரு பெண் தலைகுனிந்திருப்பாள். அமெரிக்காவிலிருந்தெல்லாம் பாராட்டு வந்தது.

காதுகுத்து அன்று காலையிலிருந்தே உறவுக்காரர்கள் நங்கையாவை ஃபிளெக்ஸ் கீழே நிறுத்தி, ஏனுங்க அது நீங்கதானாமா என்று கேட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றார். பிறகு வாழப்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரின் வேன் வந்தது. நங்கையாவின் மகள் சுகன்யா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தாள். தன் மகன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவள் கண் பக்கத்து வட்டத்துக்குப் போனது. அந்த ஒரு வரியை அவள் அவ்வளவு நேரம் படித்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன், ஏன் என்று புரியவில்லை.

பந்தியில் நங்கையாவுக்கு ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் நானும் உட்கார்ந்திருந்தோம். அந்த வரி நீ சொன்னதா என்று அம்மாவிடம் கேட்டாள். காலையிலிருந்து புகழ் வாங்கியிருந்த நங்கையா, பின்ன யாரு, உங்க அத்தைக்கா அந்த வாயி என்றார். என் கல்யாணத்தப் பத்தியா என்று கேட்டாள். நங்கையா இலையில் கை வைத்தார், எடுக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

"ஊருக்கெல்லாம் பேசற வாயி அன்னிக்கு எங்கம்மா போச்சு?" என்றாள் சுகன்யா. குரலை உயர்த்தவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

நாலரை வருடத்துக்கு முந்தைய கதை அது. சுகன்யா வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. அதே வாரம் வாழப்பாடியிலிருந்து ஜாதகமும் வந்தது. பாக்கு மண்டி வைத்திருக்கிற குடும்பம், ஒரே பையன் கலையரசன். நங்கையாவின் கணவர் அப்போது உயிரோடு இல்லை, அதனால் தாய்மாமன் என்கிற முறையில் என் கணவர் இளஞ்செழியன் நின்று முடித்தார். இருபதே நாளில் கல்யாணம். பந்தியில் முப்பத்தாறு வகை. என் கணவரே விரல் விட்டு எண்ணி ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியும் எனக்கு உறைக்கவில்லை. அந்த எண்ணை என் கையாலேயே எழுதி, அதன் கீழே என் பெயரையும் போட்டு, அது எந்தப் பந்தி என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். கலையரசன் கெட்டவன் இல்லை. யாரும் எதையும் பேசாமல் இருக்க அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

காதுகுத்து முடிந்த நாளிலிருந்து சுகன்யா அம்மாவின் ஃபோனை எடுப்பதில்லை. நங்கையா பேசுவதில்லை.

பேசாமல் இருப்பது என்றால் கோபித்துக்கொண்டு வராமல் இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி இருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். நாலு மணிக்குச் சரியாக வந்தார். காப்பி குடித்தார். நல்லாருக்குது சாமி என்றார். போனார். பேப்பர் மடித்த மடிப்பாகவே கிடந்தது. முட்டை விலை அந்த வாரம் இரண்டு தடவை ஏறியது. முன்பென்றால் அதற்கே நாலு நாள் ஓட்டலாம். நான் வேண்டுமென்றே செய்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அப்படீங்களா என்றார். என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. அது என்மேல் கோபமா, அவர்மேலேயே கோபமா, இல்லை சும்மா வாயில் வந்ததா என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது.

நானே வரி எழுதிப் பார்த்தேன். முட்டை விலை ஏறியது கோழிக்குத் தெரியுமா என்று ஒன்று. அனுப்பிய பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அற்புதராஜ் நல்ல மனுஷன், ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் ஃபோனில் தயங்கித் தயங்கி, கொண்டைக்காரிக்கு உடம்பு சரியில்லையா மேடம் என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதாவது வேறு யாரோ ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்கிற மாதிரி சொன்னேன். ஃபோனை வைத்த பிறகுதான் அவருக்கும் விஷயம் எப்போதோ தெரிந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தது. தெரியுமா, தெரியாதா? சால்வை போட்டவர்களுக்குமா தெரியும்? ஆறு வருடமாக ஊர் என்னைப் பார்த்துச் சிரித்ததா, என் படத்தைப் பார்த்துச் சிரித்ததா?

கணவரிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்டேன் என்றால், சோறு போடும்போது சுகன்யா பேச்சை எடுத்தேன். பிள்ளை நல்லாத்தான் இருக்குது, அதையேன் நீங்க ரெண்டு பேரும் போட்டு நோண்டறீங்க என்றார். ரசம் கேட்டார். ஊற்றினேன். என் வாய் அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் நங்கையா காப்பியைத் தொடவில்லை.

"அது எம்பட பேச்சில்ல, நீயா எழுதுனதுன்னு அவகிட்டச் சொல்லிப்போடு பிரபா," என்றார். "நேர்ல போயிச் சொல்லு. ஃபோன்ல சொன்னா நம்ப மாட்டா."

அவருடைய பேச்சை என்னுடையது என்று ஆறு வருடமாக ஊரை நம்ப வைத்தாயிற்று. நம்பாத ஆள் உலகத்திலேயே ஒருத்திதான், அவளையும் நம்ப வைக்க வேண்டுமாம். எடுத்துக்கொண்டபோது எடுத்துக்கோ என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவரே கொடுக்கிறார், அது பொய்யாகிறது. முடியாது என்று சொல்லலாம் என்று தோன்றியது. சொல்ல வரவில்லை. கல்யாணம் பேசி முடித்த அன்றைக்கு யாரிடமாவது ஏதாவது சொன்னீர்களா நங்கையா என்று மட்டும் கேட்டேன். தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார், என் கணவரைத்தான். எழுந்து போனார். காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

மறுநாள் ராசிபுரம் போய், அங்கிருந்து சேலம் போய், வாழப்பாடி வழியாகப் போகும் ஆத்தூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்தேன். நானாகத்தான் எழுதினேன் சாமி, யாரையும் நினைத்து எழுதவில்லை சாமி. முகம் வரைகிறவள் என்று பெயர், ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

வாழப்பாடியில் மண்டி கீழே, வீடு மேலே. முற்றத்தில் வேகவைத்த பாக்கு காய்ந்துகொண்டிருந்தது, தெருவரைக்கும் அந்தத் துவர்ப்பு வாசனை. கலையரசன் வாங்க அத்தை என்று எழுந்து நின்றான், ஆள் அனுப்பி இளநீர் வாங்கி வரச் சொன்னான், மேலே போங்க என்று சொல்லிவிட்டு எடை போடப் போய்விட்டான். மேலே தர்ஷன் தூங்கிக்கொண்டிருந்தான். சுகன்யா கட்டிலில் துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ள வாங்க அத்தை என்றாள். எங்களூரில் இருந்தவரை அவள் வாயில் வீடு என்பது ஊடுதான். நாலரை வருடத்தில் வீடு ஆகிவிட்டிருந்தது.

சுற்றி வளைக்கத் தெரியாததால் நேராகச் சொல்லிவிட்டேன்.

"அந்த வரி உங்கம்மா சொன்னதில்ல சாமி. நானா எழுதுனது."

அவள் ஒரு சட்டையின் கைகளை உள்ளே மடித்து, நீவி, அடுக்கில் வைத்தாள். "அப்படின்னா உங்களுக்கும் தெரிஞ்சிருக்குது," என்றாள். "நீங்களும் அன்னிக்கு அங்கதான் இருந்தீங்க அத்தை."

இதை நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. நங்கையாவுக்காக வாங்கி வந்த பொய், எனக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி பொருந்திவிட்டது. அங்கேதான் இருந்தேன். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தது நான். அவளுக்குப் பூ வைத்துவிட்டது நான். ஓசூர் ஆர்டரை அவள் செல்போனில் திறந்து வைத்து அடுப்படியில் நின்றபோது அதைப் பார்த்தவளும் நான்தான்.

"ஒரு படம் போட்டுக் காமிச்சீங்க, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டாள்.

ஞாபகம் இருந்தது. அவள் சோர்ந்து நிற்கிறாளே என்று, மளிகை லிஸ்டின் பின்பக்கத்தில் சம்பந்தியை ஒரு அண்டாவாகவும் அவர் மனைவியை அதன் மூடியாகவும் வரைந்து காட்டினேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அப்பாடா, பிள்ளை தெளிந்துவிட்டது என்று காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அதைத்தான் இத்தனை வருடமாக, நான் அவளுக்குச் செய்த ஒரு நல்ல காரியம் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சிரிச்சேன்னு நெனச்சுக்கிட்டீங்க," என்றாள்.

கீழே எடைக்கல்லை வைக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு பக்கம் தோன்றியது. அதையும் நாளைக்கு ஒரு படமாகப் போட்டுவிடலாமே என்று இன்னொரு பக்கம் தோன்றியது. அந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல்தான் வாயைத் திறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"பொய் சொல்லத்தான் வந்தேன் சாமி," என்றேன். "சொன்னது உங்கம்மாதான். எனக்கு ஒரு வரியும் தெரியாது. ஆனா உன் ஆர்டரப் பாத்தேன். பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். உங்க மாமனுக்குப் பயந்துன்னு சொல்லலாம். அதுகூட இல்ல. பழக்கம்."

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். என்னை முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். எனக்கே என் குரல் அடுத்த வீட்டிலிருந்து கேட்பது மாதிரி இருந்தது. நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து, உனக்கு என்ன வேணும் சாமி, இப்பவாவது சொல்லு என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் மடித்து வைத்த சட்டை ஒன்றை எடுத்து மறுபடி பிரித்தாள். வேலை, படிப்பு, ஒரு நாலு நாள் அம்மா வீட்டில் இருப்பது என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் கலையரசனிடம் நானே பேச வேண்டியிருக்குமே என்று பயமாகவும் இருந்தது.

"தெரியல அத்தை," என்றாள். "கேட்டிருந்தா அன்னிக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப நெசமாவே தெரியல."

அப்போது என் செல்போன் அடித்தது. நங்கையா. மணி மூன்றே முக்கால். காப்பி நேரத்துக்குள் வேலை முடிந்ததா என்று கேட்கக் கூப்பிடுகிறார். எடுக்கலாமா கூடாதா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே சுகன்யா கையை நீட்டி வாங்கினாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சொல்லிட்டயா பிரபா?" என்றது நங்கையாவின் குரல்.

"நாந்தாம்மா," என்றாள் சுகன்யா.

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது. என் அடுப்படி மின்விசிறிதான். நான் இல்லாத வீட்டிலும் காப்பி நேரத்துக்கு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்.

"கேக்க ஆளில்லன்னு சொன்னியாம்ல," என்றாள் சுகன்யா. "நான் இங்கதான் இருக்கறேன். கேளு."

மந்திரி முதல் மின்வாரியம் வரை ஒருத்தரையும் விட்டுவைக்காத வாய் அது. ஆறு வருடத்துக்கு, நாளுக்கு ஒன்றாகக் கொடுத்த வாய். அந்தப் பக்கத்தில் மூச்சு ஏறி இறங்குவது எனக்குக் கேட்டது. என்னமோ சொல்ல வந்தார், நின்றது. மறுபடி வந்தார், நின்றது. நான் இங்கிருந்து மனதுக்குள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், உனக்கு என்ன வேணும்னு கேளுங்க நங்கையா, மூணே வார்த்தை, கேளுங்க.

"சாப்புட்டியா சாமி?" என்றார் நங்கையா.

சுகன்யா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மண்டி ஆட்களுக்குச் சோறு போய்விட்டது, மாமனார் மாமியாருக்குப் பரிமாறியாயிற்று, தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அவளுடைய தட்டு மட்டும் அலமாரியிலிருந்து இன்னும் எடுக்காமலே இருந்தது.

"இன்னும் இல்லம்மா," என்றாள்.

சொல்லிவிட்டுச் செல்போனை மடியில் போட்டு, மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அன்றைக்குக் குலுங்கிய அதே தோள், அதே மாதிரிக் குலுக்கல். ஆறு வருடமாக மனுஷ முகங்களை வரைந்து பிழைக்கிற எனக்கு, முகத்தை மூடிவிட்டால் ஒன்றும் தெரியவில்லை. மடியில் இருந்த செல்போன், என்னாச்சு பிரபா, என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எழுந்து போய் அவள் பக்கத்தில், துணிகளைத் தள்ளிவிட்டு, உட்கார்ந்தேன்.

"சிரிக்கறயா அழுகறயான்னு எனக்குத் தெரியல சாமி," என்றேன். "நீயே சொல்லு."